நன்கொடைக்காக கிளிமாஞ்சாரோ: முதல்முறை ஏறுபவர்களுக்கு

கிளிமாஞ்சாரோ ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலை. தான்சானியாவின் வடக்கே, கென்ய எல்லையை ஒட்டி இருக்கிறது. உயரம் 5,895 மீட்டர். இவ்வளவு உயரம் இருந்தும் கயிறோ ஐஸ் கோடரியோ இல்லாமல் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். அதனால்தான் ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நினைப்பவர்களின் கண் முதலில் இதன் மேல் விழுகிறது. 2009 மார்ச்சில் பிரிட்டனின் காமிக் ரிலீஃப் அமைப்புக்காக கேரி பார்லோ, செரில் கோல் உள்ளிட்ட ஒன்பது பிரபலங்கள் இதில் ஏறி, 30 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

அவர்களுக்குத் தொலைக்காட்சி துணை இருந்தது. நமக்கு இருப்பது வாட்ஸ்அப் குழுக்களும் பழைய மாணவர் சங்கமும் அலுவலக நண்பர்களும்தான். அதை வைத்துக்கொண்டே கணிசமான தொகை திரட்டலாம். ஆனால் மலையேறுவது ஒரு வேலை, பணம் கேட்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் உண்டு. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்லப்போகிறேன். குறைந்தது ஒன்பது, பத்து மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

யார் காசில் ஏறுகிறீர்கள்?

இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வழி இரண்டு. ஒன்று, பயணச் செலவு முழுவதையும் நீங்களே போட்டுக்கொள்வது. வரும் நன்கொடை அத்தனையும் அமைப்புக்குப் போகும். மற்றொன்று, தொண்டு நிறுவனமே பயணத்தை ஏற்பாடு செய்து, ‘குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தர வேண்டும்’ என்று நிபந்தனை போடுவது. பிரிட்டனில் இந்த இரண்டாவது முறை பரவலாக உண்டு. அதில் நீங்கள் திரட்டும் தொகையிலிருந்தே பயணச் செலவும் கழிக்கப்படும். சட்டப்படி தவறில்லை. ஆனால் நூறு பவுண்டு கொடுத்த பெரியப்பாவுக்கு அதில் ஒரு பங்கு உங்கள் கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துப் பின்னால் தெரியவந்தால் உறவே கசந்துவிடும்.

என் யோசனை, சொந்தக் காசில் போங்கள். ஏழெட்டு நாள் மலைப் பயணத்துக்கு நிறுவனங்கள் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 டாலர் வரை கேட்கும். இது நிறுவனத்தின் கொள்ளை லாபம் என்று நினைக்க வேண்டாம். ஏழு நாளுக்குத் தேசியப் பூங்காவுக்குக் கட்டும் கட்டணமே 800 டாலரைத் தாண்டும். அதோடு விமானம், 50 டாலர் இ-விசா, காப்பீடு, உடை, குழுவினருக்கான டிப்ஸ் எல்லாம் சேர்த்தால் சென்னையிலிருந்து போகிறவருக்கு மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்.

‘அந்த மூன்று லட்சத்தை அப்படியே கொடுத்துவிடலாமே?’ என்று வீட்டிலேயே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எரிச்சல்படாதீர்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: செலவைப் போல இரண்டு மடங்காவது திரட்ட முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் நன்கொடையின் பெயரில் ஏறலாம். இல்லையென்றால் மலையை உங்கள் ஆசைக்காக ஏறுங்கள், நன்கொடையைத் தனியாகக் கொடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

பணம் போகும் பாதை

உங்கள் ஜிபே எண்ணையோ வங்கிக் கணக்கையோ கொடுத்துப் பணம் வாங்காதீர்கள். எவ்வளவு நெருங்கியவர்களிடமும் வேண்டாம். பணம் உங்கள் கணக்குக்கு வந்து அங்கிருந்து அமைப்புக்குப் போனால் ரசீது உங்கள் பெயரில்தான் வரும், கொடுத்தவருக்கு வரிவிலக்கு கிடைக்காது. சந்தேகப் பேச்சுக்கும் இடம் கொடுத்ததாகிவிடும். அமைப்பின் கணக்குக்கு நேராகப் போகும்படி ஒரு இணைப்பையோ க்யூஆர் கோடையோ கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் இருக்கும் அமைப்பு என்றால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். 80ஜி என்று நாம் பழகிய வரிவிலக்குப் பதிவு நடப்பில் இருக்கிறதா? நன்கொடையாளரின் பான் எண்ணை வாங்கிச் சான்றிதழ் அனுப்புவார்களா? (பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை.) மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுவது: வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா? கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் கொடுக்கும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், அதற்கென உள்ள டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் வெளிநாட்டு இந்தியர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. அதனால் டொரண்டோ சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் அவர் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று விசாரித்துவிடுங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு கிஃப்ட் எய்ட் உண்டு. ஒரு பவுண்டுக்கு அரசு 25 பென்ஸ் சேர்க்கும். ஆனால் உங்கள் பயணச் செலவை அமைப்பு ஏற்கிறது என்றால் உங்கள் குடும்பத்தாரின் நன்கொடைக்கு இது கிடைக்காமல் போகலாம். சொந்தக் காசில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சியை வாக்குக் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

‘உச்சியில் உங்கள் பெயரோடு கொடி நாட்டுவேன்’ என்று எழுதிப் பணம் வாங்கிவிட்டால், 5,000 மீட்டரில் தலை வெடிக்கும்போது அந்த வரி நினைவுக்கு வரும். ‘இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்களே’ என்று தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பீர்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இப்படி மறைத்து மேலே போகும்போதுதான்.

உடல் வலிமை இதில் காப்பாற்றாது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 9 முறை வென்ற மார்ட்டினா நவ்ரத்திலோவா 2010 டிசம்பரில் லாரியஸ் அறக்கட்டளைக்காக இதே மலையில் ஏறினார். உச்சிக்கு வெகு முன்பே நுரையீரலில் நீர் கோத்து, கீழே இறக்கி நைரோபி மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயரம் யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை ஓட்டப்பந்தய நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே வேண்டுகோளை முதலிலிருந்தே இந்த மாதிரி எழுதுங்கள்:

‘வணக்கம். வரும் ஜனவரியில் கிளிமாஞ்சாரோ ஏறப் போகிறேன். பயணச் செலவு முழுக்க என்னுடையது. நீங்கள் கொடுப்பது நேராக இந்த அமைப்பின் கணக்குக்குப் போகும்; அதில் இந்த வேலை நடக்கும். உச்சி வரை போக முயல்வேன். வழிகாட்டி இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவேன். நன்கொடை எப்படியும் அவர்களுக்குத்தான். மீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் 5,895 ரூபாய். முடிந்ததைக் கொடுங்கள்.’

‘உச்சியைத் தொட்டால் இருபதாயிரம் தருகிறேன், இல்லையென்றால் கிடையாது’ என்று பந்தயம் கட்டுகிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ‘நான் கிளம்பும் அன்றைக்குக் கொடுங்கள் மாமா’ என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.

கேட்பது எப்படி

குழுவில் பொதுவாகப் போடும் செய்திக்குக் கைகூப்பும் படமும் கட்டைவிரலும் வரும், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். பெரியவர்கள் என்றால் போன் போட்டுப் பேசுங்கள். முதலில் நெருங்கிய நாலைந்து பேரிடம் கேட்டு, அந்த இணைப்பில் திறக்கும் நன்கொடைப் பக்கத்தில் ஒரு நல்ல தொகை ஏறிய பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். வெறும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட எல்லோரும் தயங்குவார்கள். முதல் ஐவரில் ஒருவர் பெரிய தொகை போட்டுவிட்டால் அடுத்து வருகிறவர்கள் அதை ஒட்டியே போடுவார்கள்.

பணம் எதற்கு என்பதைக் கையில் தொட்டுக் காட்டுகிற மாதிரி சொல்லுங்கள். ‘கல்விக்கு உதவுங்கள்’ என்பது யார் மனதிலும் ஒட்டாது. ஒரு பிள்ளையின் ஓராண்டு விடுதிச் செலவு எவ்வளவு, ஒரு செயற்கைக் காலுக்கு எவ்வளவு என்று அமைப்பிடமே கணக்குக் கேட்டு வாங்கி அதை எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தில், ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாக நிர்வாகமும் போடும் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் விசாரியுங்கள். இருந்தும் யாரும் கேட்பதில்லை.

மொய் நோட்டுப் போல ஒரு நோட்டு போடுங்கள்: யார், எவ்வளவு, எந்தத் தேதி, நன்றி சொன்னாயிற்றா. பின்னால் கணக்குக் கொடுக்க அதுதான் ஆதாரம்.

இன்னொரு ஏற்பாடு. மலையில் சிக்னல் வரும், போகும். நீங்கள் ஏறும் அந்த வாரத்தில்தான் எல்லோருடைய கவனமும் உங்கள் மேல் இருக்கும். ஆகவே ஊரில் நம்பகமான ஒருவரிடம் பக்கத்தை ஒப்படைத்து, தினமும் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து சிக்னல் தேடுவதைவிட நீங்கள் தூங்குவது நல்லது.

பாதையும் நிறுவனமும்

வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது, நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். பாதைகளில் மராங்கு ஒன்றில்தான் தங்கக் குடில்கள் உண்டு, மற்றதெல்லாம் கூடாரம். குடிலுக்கு ஆசைப்பட்டு மராங்குவில் ஐந்து நாள் திட்டம் எடுக்காதீர்கள். உடல் உயரத்துக்குப் பழகுவதற்குள் உச்சிக்கு ஏறும் இரவு வந்துவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஏழு நாள் மச்சாமே அல்லது எட்டு நாள் லெமோஷோ பாதைதான் என் பரிந்துரை. ஒரு நாள் கூட்டினால் செலவும் கூடும். ஆனால் நன்கொடையாளர் காசில்லை, உங்கள் காசு, தாராளமாகச் செலவழியுங்கள். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் முதல் அக்டோபர் வரையும் நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் அடைமழை.

விலை மிகக் குறைவாகச் சொல்லும் நிறுவனம் எங்கே மிச்சம் பிடிக்கிறது? பூங்காக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைப்பது போர்ட்டர்களின் கூலியையும் சாப்பாட்டையும்தான். நீங்கள் ஒருவர் ஏற, வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர்கள் என்று நாலைந்து பேர் பின்னால் வருவார்கள். ஏழைப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டுகிறேன் என்று போய், கிழிந்த செருப்போடு உங்கள் மூட்டையைச் சுமக்கிறவருக்கு அரைக்கூலி கிடைக்க நீங்களே காரணமானால் அது என்ன நல்ல காரியம்? கிளிமாஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு, கேப்பாப் என்று சுருக்கிச் சொல்வார்கள். போர்ட்டர்களுக்கு ஒழுங்காகக் கூலி, சாப்பாடு, கூடாரம் கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலை அது வெளியிடுகிறது. அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். போர்ட்டர் ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு. உங்கள் பையை 15 கிலோவுக்குள் கட்டுங்கள். கடைசி நாளில் மொத்தக் குழுவுக்கும் சேர்த்து ஒருவர் 250 முதல் 350 டாலர் வரை டிப்ஸ் கொடுப்பது வழக்கம். இதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

உடலைத் தயார் செய்வது

ஆறு மாதம் போதும். வாரத்தில் மூன்று நாள் வேக நடை, வார இறுதியில் முதுகில் ஆறேழு கிலோ பையோடு ஐந்தாறு மணி நேரம் ஏற்ற இறக்கத்தில் நடை. அடுக்குமாடிப் படிக்கட்டும் பயன்படும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பர்வதமலை, பருவம் திறந்திருந்தால் வெள்ளியங்கிரி என்று போய் வரலாம். வெள்ளியங்கிரியில் இரவில் ஏறி விடிந்ததும் இறங்கியவர்களுக்குத் தூக்கமில்லாத நடையும் இறக்கத்தில் முட்டி படும் பாடும் தெரியும். கிளிமாஞ்சாரோவிலும் அந்த இரண்டும் உண்டு.

உயரத்துக்குப் பழகுவதற்கு மட்டும் நம் பக்கத்தில் இடமே இல்லை. தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637. மச்சாமே பாதையில் முதல் இரவு தூங்கும் முகாமே இவற்றைவிட உயரம். அதனால் உயரப் பயிற்சி மலையில்தான் நடக்கும். நாளைக் கூட்டச் சொல்வது அதற்காகத்தான்.

மருத்துவரை இரண்டு மாதம் முன்பே பாருங்கள். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா, ரத்தசோகை எல்லாம் சொல்லுங்கள். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) எழுதித் தரலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை போட்டால் விரல் நுனி சுறுசுறுவென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும்; ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்க வேண்டாம். கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போய் வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பார்கள், திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலையடிவாரத்தில் மலேரியாவும் உண்டு, அதற்கும் மாத்திரை கேளுங்கள்.

காப்பீட்டில் ‘6,000 மீட்டர் வரை மலையேற்றம்’ என்றும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணச் சுற்றுலாக் காப்பீட்டில் பெரும்பாலும் இது இருக்காது.

மூட்டை

உடைக்கு ஒரே விதி, அடுக்கடுக்காகப் போடுவது: உடலை ஒட்டிச் சீக்கிரம் உலரும் துணி, ஃப்ளீஸ், இறகு ஜாக்கெட், மேலே மழைக்கோட்டு. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. ஷூவை வாங்கி இரண்டு மாதமாவது போட்டு நடந்து பழக்குங்கள், விமானத்தில் காலிலேயே போட்டுக்கொண்டு போங்கள். பெட்டி தொலைந்தாலும் ஷூ இருக்கும். ஸ்லீப்பிங் பேக், இறகு ஜாக்கெட் இரண்டையும் மலையடிவாரத்தில் இருக்கும் மோஷி ஊரில் வாடகைக்கு எடுக்கலாம். ஹெட்லேம்ப், ஊன்றுகோல், கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன். 2019 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை, துணிப்பையில் கட்டுங்கள்.

உயரத்தில் பசி செத்துப்போகும். சைவம் என்று முன்பே சொன்னால் சமைத்துத் தருவார்கள், நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஊறுகாய், பருப்புப் பொடி, கடலைமிட்டாய் கொஞ்சம் கொண்டு போங்கள். நான்காம் நாள் சூப்பைப் பார்த்தாலே குமட்டும்போது ஊறுகாய்தான் இரண்டு வாய் சோறு இறங்க வைக்கும்.

மலையில்

மச்சாமே பாதையில் முதல் நாள் மழைக்காடு. இரண்டாம் நாள் ஷிரா முகாம், 3,800 மீட்டருக்கு மேல். மூன்றாம் நாள் லாவா டவர் வரை 4,600 மீட்டருக்கு ஏறிவிட்டு, பர்ராங்கோ முகாமுக்கு 3,900 சொச்சத்துக்கு இறங்கித் தூங்குவீர்கள். ஏறியதை ஏன் இறங்க வேண்டும் என்று தோன்றும். பகலில் உயரத்தை உடலுக்குக் காட்டிவிட்டு, இரவில் கீழே இறங்கித் தூங்கவைப்பதுதான் பழக்கும் முறை. மறுநாள் பர்ராங்கோ சுவர்; கையையும் பயன்படுத்திப் பாறையில் ஏற வேண்டியிருக்கும், பார்ப்பதற்குத்தான் பயம். பிறகு கரங்கா முகாம், அடுத்து 4,673 மீட்டரில் பராஃபு முகாம்.

‘போலே போலே’ என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார், மெதுவாக என்று. மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு பேசியபடி நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். தினமும் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள். காலை மாலை ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள், எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். லேசான தலைவலி, தூக்கமின்மை பலருக்கும் வரும், அதோடு நடக்கலாம். குடிகாரர் போலத் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல் – இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும், நடுராத்திரியானாலும். முதல் நாளே வழிகாட்டியைத் தனியாக அழைத்து, ‘நான் நன்கொடைக்காக ஏறுகிறேன், பிடிவாதம் பிடிப்பேன், என் பேச்சைக் கேட்காதீர்கள்’ என்று சொல்லி வையுங்கள்.

பராஃபுவிலிருந்து உச்சிக்கான ஏற்றம் இரவு பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். 1,200 மீட்டர் ஏற்றம், உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான், குளிர் மைனஸ் 10, 15 வரை போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேல்பக்கம்தான் முதலில் உறையும். போனை உள் ஜாக்கெட் பைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும். விடியும்போது ஸ்டெல்லா பாயிண்ட், 5,756 மீட்டர். எரிமலை வாயின் விளிம்பு அது. அங்கிருந்து மலையின் மிக உயரமான இடமான உஹுரு உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஸ்டெல்லாவோடு திரும்பினாலும் பூங்காவின் சான்றிதழ் உண்டு. அன்றைக்கே 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாம் வரை இறங்க வேண்டும்; காலில் எளிதாக அடிபடுவது இந்த இறக்கத்தில்தான், ஊன்றுகோலை இங்கே விடாதீர்கள்.

அமைப்பின் பேனரை உச்சிக்கென்று பத்திரமாக மடித்து வைக்காமல், ஒவ்வொரு முகாமிலும் விரித்துப் படம் எடுத்துவிடுங்கள். பாதியில் இறங்க நேர்ந்தாலும் நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படங்கள் இருக்கும், ‘படமாவது எடுத்துவிட்டு வருகிறேன்’ என்று மேலே போகும் ஆசையும் குறையும்.

திரும்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தனித்தனியாகப் படத்தோடு நன்றி அனுப்புங்கள். எதுவரை போனீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். 4,900 மீட்டரில் திரும்பினால் 4,900 என்றே எழுதுங்கள். பக்கத்தை உடனே மூடாதீர்கள். ‘போய் வரட்டும், பார்க்கலாம்’ என்று இருந்தவர்கள் இப்போதுதான் கொடுப்பார்கள், ஒரு மாதம் திறந்து வையுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, அமைப்பு அதை எதற்குச் செலவிட்டது என்ற கணக்கை அவர்களிடம் எழுத்தில் வாங்கி அனுப்புங்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராதவர்களுக்கு ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள்.